குறைந்த காசுக்கு ஆம்ப் தேடிக் கொழும்பில் அலைந்தவர்கள், உங்கள் கதையையும் எழுதுங்கள்

காலிவீதிக்_காது

முதலாம் குறுக்குத் தெருவில் நடந்தது. மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். வீட்டில் ஒரு சோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் சும்மா கிடந்தது. அதை ஓட்ட ஒரு ஸ்டீரியோ ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், வேண்டும், கையில் காசு கொஞ்சம்தான். கடை நானா மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் இறக்கினார். முகப்பில் தங்க எழுத்தில் 1000 வாட். நான் திருப்பிப் பார்த்தேன். கரண்ட் வயர் உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில், மூக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 40 வாட்.

"நானா, உள்ள போறது 40. வெளிய 1000 எப்பிடி வரும்?"

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தம்பி, அது கரண்ட் வாட். இது சவுண்ட் வாட்."

பக்கத்தில் சாமான் வாங்க நின்றவர் "அதானே" என்று தலையாட்டினார். எனக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. நானா அதைத் தெரிந்தே சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை. சொன்ன விதத்தைப் பார்த்தால் நம்பித்தான் சொன்னார்.

ஓம்_விதி

நானா சொன்னது பிழைதான். ஆனால் உங்கள் கணக்கும் முழுக்கச் சரியில்லை காது அண்ணன். பின்பக்கத்தில் போடுகிற வாட் பெரும்பாலும் ஆம்பை முழு மூச்சாக ஓட்டி அளந்தது இல்லை. பாதுகாப்புத் தரத்தின்படி, முழு வெளியீட்டில் எட்டில் ஒரு பங்கில் ஓட்டி அளப்பதுதான் வழக்கம். பாட்டு என்பது ஏறி இறங்குகிற சாமான், ஒரே மட்டத்தில் நிற்காது, அதற்காக. அதனால் சானலுக்கு 100 வாட் என்று போட்ட நல்ல ஆம்பிலும் பின்னால் 200க்குக் குறைந்த எண்ணைப் பார்க்கலாம். அது ஏமாற்று இல்லை.

ஆனால் 1000இல் எட்டில் ஒரு பங்கே 125. லேபலில் 40. எந்தத் தரத்தை வைத்துப் பார்த்தாலும் அந்தப் பெட்டி தேறாது. முகப்பில் இருந்தது பிஎம்பிஓ வாட், ஒரு கணம் உச்சத்தில் வரும் என்று சொல்கிற எண். அதை அளக்க ஒரு பொதுவான முறையே கிடையாது, கொம்பனிக்காரனுக்குப் பிடித்த எண்ணைப் போடலாம். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தருகிற வாட்) எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எவ்வளவு டிஸ்டோர்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று மூன்றும் சேர்ந்து எழுதியிருந்தால்தான் அந்த எண்ணைப் பற்றிக் கதைக்கவே தொடங்கலாம்.

என் கதை சின்னது. நண்பன் ஒருவன் இப்படி ஒன்றை வாங்கினான், மூடியைக் கழற்றினோம், உள்ளே பாதிக்கு மேல் காற்றுத்தான்.

சாச்சாவின்_மருமகன்

எங்களுடையது ஜப்பான் பாவித்த சாமான். சாச்சா ஒரு பழைய இன்டகிரேட்டட் ஆம்ப் கொண்டுவந்தார், முன்னால் இரண்டு ஊசி மீட்டர், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட் என்பது உங்களுக்குத் தெரியும். நம் 230 வோல்ட்டை 100க்கு இறக்குகிற ஸ்டெப்டவுன் பெட்டியும் வாங்கி மேசையில் வைத்தாயிற்று. எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையோடு சுற்றி நிற்கிறோம். சாச்சாவின் மகன், தட்டையான இரண்டு பின்னும் மல்டிபிளக்கில் அழகாகப் பொருந்துகிறதே என்று நேரே சொருகிவிட்டான்.

மீட்டர் விளக்கு அப்படியொரு வெள்ளையாக எரிந்தது. இரண்டு ஊசியும் வலது கரைக்குப் போய் ஒட்டின. உம்மா "மாஷா அல்லாஹ்" என்றார். அந்தச் சொல் முடிவதற்குள் டக்கென்று ஒரு சத்தம், பிறகு கெட்ட மீன் வாடை. கப்பாசிட்டர் வெடித்தால் அந்த வாடைதான், சுவரில் இரண்டு கிழமை நின்றது. எனக்கு இன்றும் நினைவில் இருப்பது அந்த ஒரு விநாடி வெளிச்சம்தான்.

அதற்காக ஜப்பான் சாமான் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. மருதானையில் ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றுகிற பாஸ் ஒருவர் பிரைமரியை, அதாவது கரண்ட் உள்ளே வருகிற பக்கத்துச் சுருளை, 230க்கே புதிதாகச் சுற்றித் தந்தார். கப்பாசிட்டர்களும் மாற்றினோம். இப்போது ஸ்டெப்டவுன் இல்லாமல் நேரே ஓடுகிறது. ஹெர்ட்ஸைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60, அதனால் அங்கே விற்ற ஆம்ப் பெரும்பாலும் இரண்டுக்கும் செய்ததுதான். பார்க்க வேண்டியது வோல்டேஜை. கடையில் 110 வோல்ட் ஸ்டெப்டவுனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், 100 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

பட்டறி_மாமா

இவ்வளவு பாடு எதற்கு? உள்ளங்கை அளவு கிளாஸ் டி (சூடு குறைந்த வகை) ஆம்ப் போர்ட் போதும். டிபிஏ3116 சிப் இருக்கிற போர்ட், பழைய லப்டொப் அடப்டர் 19 வோல்ட், முடிந்தது கதை. சூடும் இல்லை, கரண்ட் பில்லும் தெரியாது.

என் அனுபவம் 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது. வெள்ளவத்தையில் நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஃப்ளாட் முழுக்க இருட்டு. காரிலிருந்து கழற்றிவைத்த 12 வோல்ட் பட்டறியில் போர்டைக் கொடுத்து, ஃபோனில் இருந்த நாதஸ்வரத்தைப் போட்டேன். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏழெட்டு வாட்தான் வரும், அதுவே எதேஷ்டம். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டு அன்ரி, கையில் மெழுகுதிரி. ஏசப்போகிறா என்று நினைத்தேன். "தம்பி, உங்களுக்கு மட்டும் கரண்ட் இருக்கோ?" என்றா. பட்டறியைக் காட்டினேன். அவ நம்பவில்லை, சுவரில் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனா. அடுத்த நாள் ஃப்ளாட்டில் எனக்கு மட்டும் களவாக லைன் இழுத்திருக்கிறது என்று கதை பரவியிருந்தது.

ஊசி மீட்டர் வைத்திருக்கிறவர்கள் அந்த 13 மணி நேரமும் என்ன செய்தீர்கள்?

சாச்சாவின்_மருமகன்

தூங்கினோம் மாமா.

தெஹிவளை_ராதா

நான் புது ஆம்ப் வாங்கப் போன கதை. வற் வரி 18 வீதம் ஆன பிறகு, அதாவது விலைச்சீட்டைப் பார்த்தாலே வயிறு எரிகிற காலம். கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு ஷோரூம். ஏசி, சோபா, சேல்ஸ் தம்பி கோப்பி தரவா என்று கேட்டார். ஒரே ஸ்பீக்கரில் மலிவானதையும் விலை கூடியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். விலை கூடியதில் குரல் முன்னுக்கு வந்து நிற்கிறது, தபேலா தனியாகத் தெரிகிறது. என் வீட்டுக்காரர் பர்ஸை எடுக்காத குறை.

நான் பாட்டைக் கேட்காமல் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சை மாற்றுகிற அதே நேரம் மற்றக் கையில் ரிமோட், பெருவிரல் இரண்டு தரம் அமுங்கியது. கொஞ்சம்தான் கூட்டினார். அந்தக் கொஞ்சம் போதும், சத்தம் ஒரு டெசிபெல் கூடினாலும் காது அதைச் சத்தம் என்று எடுக்காது, தெளிவு என்று எடுக்கும். "தம்பி, மலிவானதையும் அந்த அளவுக்குக் கூட்டுங்கோ" என்றேன். கூட்டினார். தபேலா அதிலும் தனியாகத் தெரிந்தது.

மலிவானதைத்தான் வாங்கினோம். பில் போடும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டமிட்டுச் செய்தாரா, கைப்பழக்கமா, அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெருவிரல் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓய்வுபெற்ற_மல்டிமீட்டர்

எல்லோரும் ஆம்பையே கதைக்கிறீர்கள். எனக்கும் பழைய ஆம்ப் ஒன்று ஸ்பீக்கரை எரித்திருக்கிறது, அதை விடுங்கள். செய்ய வேண்டியது இதுதான். பாவித்த ஆம்ப் பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, வொலியூமை அடியில் வைத்து, ஆம்பை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி (ஒரே திசைக் கரண்ட்) வோல்டேஜை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பேரம் பேசலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். பிறகு ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 87 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபெல் ஸ்பீக்கர் எடுத்தால், அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும், 30 வாட்டை விற்று 50 வாட் வாங்குவது வீண் செலவு. என்ஏடி 3020 என்ற ஆம்ப் வந்தது 1978இல், கடுதாசியில் சானலுக்கு 20 வாட்தான், இன்றும் ஆட்கள் தேடித் திரிகிறார்கள். மெரின் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் சொக்கட்டுகளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், உப்புக்காற்று அதைத்தான் முதலில் தின்னும். வொலியூமைத் திருப்பும்போது கரகரத்தால் கொன்டக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள், பாதிப்பேர் அதற்கே ஆம்பை விற்கிறார்கள். ரெக்கோட் பிளேயரை ஓக்ஸ் என்ற சாதாரண இன்புட்டில் சொருகாதீர்கள், ஃபோனோ இன்புட் வேண்டும்...

தெஹிவளை_ராதா

ஐயா, ஸ்பீக்கர் எரிந்த கதையைச் சொல்லுங்கோ.

ஓய்வுபெற்ற_மல்டிமீட்டர்

எரிந்தது. வேறென்ன.

சோல்டர்_மச்சான்

என்னுடையது ட்ரான்சிஸ்டர் கதை. 5200, 1943 என்ற எண் கொண்ட ட்ரான்சிஸ்டர் சோடி போட்ட ஆம்ப் ஒன்று, பாவித்துக்கொண்டிருக்கும்போதே போனது. புறக்கோட்டையில் புதுச் சோடி வாங்கி, ஆம்பையும் தூக்கிக்கொண்டு ரிப்பேர் பாஸிடம் போனேன். பாஸ் சோடியைக் கையில் வாங்கினார், சோல்டரை எடுக்கவில்லை. பஞ்சில் தின்னர் தொட்டு ட்ரான்சிஸ்டர் முகத்தை ஒரு தேய். தொஷிபா என்ற எழுத்து முழுதும் பஞ்சுக்கு வந்துவிட்டது. கீழே வேறொரு எண், பாதி சுரண்டியபடி. பாஸ் பஞ்சை என் கையில் தந்தார். "காசு குடுத்தது இதுக்குத்தான்" என்றார்.

ஓம்_விதி

தின்னருக்கு எழுத்து அழிந்தால் போலி என்று முடிவுகட்ட முடியாது மச்சான். பழைய காலத்து அசல் சாமானில் மையால் அச்சடித்ததும் உண்டு, அதுவும் அழியும். கீழே வேறு எண் தெரிந்தது, அது வேறு விஷயம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உடைத்து உள்ளே இருக்கிற சிலிக்கன் துண்டைப் பார்க்க வேண்டும். போலியில் அது மிகச் சின்னதாக இருக்கும்.

சோல்டர்_மச்சான்

உடைத்துப் பார்த்த பிறகு அதை எங்கே பொருத்துவது?

ஓம்_விதி

ஒன்று கூடுதலாக வாங்குங்கள், அதே பக்கெட்டில் இருந்து. நான் அப்படித்தான் செய்கிறேன். கடைக்கார நானாவுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.