வாட்ஸ்அப் பூட்டு பலமானது என்கிறார்கள், அப்புறம் என் கடைக் கணினியில் எப்படித் திறந்து கிடந்தது?

ஜெராக்ஸ்கடை_மணப்பாறை

வணக்கம். மணப்பாறையில் 14 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பிரின்டர், மூன்று கணினி, ஒரு லேமினேஷன் மெஷின். படிப்பு பிளஸ் டூ காமர்ஸ். சந்தேகம் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

போன வாரம் ஒருத்தர் பத்திர நகல் பிரின்ட் எடுக்க வந்தார். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, போனால் ஸ்கேன் செய்து, எடுத்துக்கொண்டு, காசு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கணினியைப் போட்டால் அவர் வீட்டுச் சங்கதி எல்லாம் வரிசையாக வந்து விழுகிறது. மச்சானோடு ஏதோ பாகத் தகராறு. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு வரி படித்துவிட்டேன். அப்புறம்தான் லாக் அவுட் செய்தேன். பேசுகிற இருவரைத் தவிர யாரும் படிக்க முடியாது என்று அதே வாட்ஸ்அப்தானே சொல்கிறது?

இன்னொன்று. ஒரு பாட்டியின் ஆதார் பிடிஎஃப்பைத் திறக்க வேண்டியிருந்தது. அதன் பாஸ்வேர்ட் பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்து, பிறகு பிறந்த வருஷம். பாட்டிக்கு வருஷம் தெரியாது. ஆதாரில் என்ன போட்டார்களோ அதுதான். ஆளைப் பார்த்து 1950-இல் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டேன். ஏழாவது முறை திறந்துகொண்டது. பாட்டிக்குச் சந்தோஷம், எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பூட்டு, பாஸ்வேர்ட் சங்கதியை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? வீடியோக்களில் எடுத்தவுடன் ரோமாபுரி சீசர் ரகசியத்துக்காக ஒவ்வொரு எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதினார் என்கிறார்கள். என் மகள் பேசும் ‘க’ பாஷை மாதிரிதான் இருக்கிறது. ‘கநா கன்’ என்றால் ‘நான்’. அது எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது.

வேகம்99

நல்ல விபிஎன் ஒன்று போட்டுக்கோங்க அண்ணா. எல்லாம் சேஃப்.

துண்டுக்குள்விரல்

வேகம் தம்பி, விபிஎன் என்பது நெட்டில் தகவல் போகிற வழியை மறைக்கிற சங்கதி. அண்ணன் கடையில் நடந்த இரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அண்ணே, எங்க அப்பா உங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். நான் இப்போது திருச்சியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கம் எனக்குப் புரிந்தது அவர் தோள் துண்டை வைத்துத்தான், அதனால் அப்படியே சொல்கிறேன்.

சந்தையில் பார்த்திருப்பீர்கள். சுற்றி இருபது பேர் நிற்க, இரண்டு கையையும் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். துண்டுக்குள் விரல் பேசுகிறது என்பது ஊருக்கே தெரியும், அதில் ரகசியமில்லை. எத்தனை விரல், ஒரு விரலுக்கு என்ன மதிப்பு, அதுதான் ரகசியம். உங்கள் மகளின் ‘க’ பாஷை இதற்கு நேர்மாறு. முறையே ரகசியம் என்பதால் முறை தெரிந்தவுடன் கதை முடிந்தது. முறை எதிரி கையில் கிடைத்தாலும் சாவி கிடைக்காதவரை தாங்க வேண்டும் என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் எழுதிவிட்டார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஏஇஎஸ் முறை 2001-இலிருந்து அமெரிக்க அரசின் தரம். அதன் ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் எதைப் பார்த்தாலும் ‘பூட்டு எது’ என்று கேட்காதீர்கள். சாவி எது, யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பாட்டியின் ஆதாருக்கு வருவோம். அந்தப் பூட்டில் குறையில்லை, சாவிதான் சோப்ளாங்கி. பெயர் தெரிந்தவனுக்கு மிச்சம் இருப்பது வருஷம் மட்டும். மிஞ்சிப்போனால் நூறு. ஆளைப் பார்த்தவனுக்குப் பத்துப் பதினைந்து. ஏடிஎம் பின் நம்பரும் வெறும் 4 இலக்கம்தானே, 10,000 வழிதானே என்று கேட்பீர்கள். ஆனால் சில முறை தப்பாகப் போட்டால் வங்கி அந்தக் கார்டையே நிறுத்திவிடும். உங்கள் கணினியில் கிடக்கும் பிடிஎஃப்பை அப்படி நிறுத்த ஆளில்லை. ஆயிரம் தடவை தப்பாகப் போட்டாலும் சளைக்காமல் இன்னொரு முறை கேட்கும்.

வாட்ஸ்அப் கதையிலும் பூட்டை யாரும் உடைக்கவில்லை. 2016-இலிருந்து அங்கே எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் உண்டு. செய்தி ஒரு முனையில் பூட்டப்பட்டு மறுமுனையில்தான் திறக்கும், நடுவில் இருக்கும் சர்வருக்குப் புரியாது. ஆனால் முனை என்பது ஆளில்லை, கருவி. அவர் ஸ்கேன் செய்த நிமிஷமே உங்கள் கடைக் கணினியும் ஒரு முனை ஆகிவிட்டது, அதற்கென்று தனிச் சாவியும் வந்துவிட்டது. பெட்டி பத்திரமாக வந்து இறங்கியது, இறங்கின இடம்தான் உங்கள் கடை! இதே ரகத்தில் இன்னொன்று பேக்கப். கூகுள் டிரைவுக்குப் போகும் நகலுக்கும் அந்தப் பூட்டைப் போடும் வசதி 2021-இல்தான் வந்தது, அதையும் நாமே போய் ஆன் செய்தால்தான் உண்டு.

ஜெராக்ஸ்கடை_மணப்பாறை

தம்பி, துண்டுக் கதை நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒன்று. துண்டுக்குள் கை கோர்க்க இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க வேண்டும். துபாயில் இருப்பவனும் நானும் ஒரே சாவியை எப்படி வைத்துக்கொள்வது? சாவியை அனுப்பினால் அதையும் நடுவில் ஒருத்தன் பார்ப்பானே?

கலா_டீச்சர்

இந்தக் கேள்விக்குத்தான் 1976-இல் டிஃபி, ஹெல்மேன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விடை வெளியிட்டார்கள். கால்குலேட்டரை எடுங்கள் சார், நாமே செய்துவிடலாம்.

23, 5 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் மனதுக்குள் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியே சொல்லக் கூடாது. துபாய்க்காரர் 3 வைத்துக்கொள்கிறார். நீங்கள் 5-ஐ ஏழு முறை பெருக்குங்கள்: 78,125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 17. இந்த 17-ஐ மட்டும் அனுப்புங்கள். அவர் 5-ஐ மூன்று முறை பெருக்குகிறார்: 125, மீதி 10. அந்த 10 உங்களுக்கு வருகிறது. இப்போது வந்த 10-ஐ நீங்கள் ஏழு முறை பெருக்குங்கள்: ஒரு கோடி, 23-ஆல் வகுத்தால் மீதி 14. அவர் 17-ஐ மூன்று முறை பெருக்குகிறார்: 4,913, மீதி 14.

இரண்டு பேர் கையிலும் 14. அந்த 14 கம்பி வழியாகப் போகவே இல்லை. ஒட்டுக்கேட்டவனிடம் இருப்பது 23, 5, 17, 10 மட்டும். இவ்வளவு சின்ன எண் என்றால் அவனும் ஒன்று, இரண்டு என்று போட்டுப் பார்த்து 7-ஐக் கண்டுபிடித்துவிடுவான். 23-க்குப் பதில் 600 இலக்க எண் என்றால் உட்கார்ந்தபடியே கிழவனாகிவிடுவான். பெருக்கி மீதி எடுப்பது சுலபம், மீதியிலிருந்து திரும்பிப் போவதுதான் கஷ்டம். ஆட்டின மாவை அரிசியாக்கச் சொல்கிற மாதிரி.

பாஸ்வேர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நாமே யோசித்து வைத்தால் பிள்ளை பேரும் குலதெய்வமும்தான் வரும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். நான்கு சொல் எடுத்தால் 3,656 லட்சம் கோடி வழிகள். முக்கியமானதற்கு ஆறு சொல் வையுங்கள். என் வீட்டில் பகடை உருண்டு வந்த சொற்களில் ஒன்று ‘முருங்கைக்காய்’ என்ற பொருளில் இருந்தது, இன்றுவரை மறக்கவில்லை. (கவலை வேண்டாம், மாற்றிவிட்டேன்.)

துண்டுக்குள்விரல்

டீச்சர் சொன்னதில் ஒரு ஓட்டை உண்டு, எங்க அப்பா அதில்தான் சாப்பிட்டார். விற்கிறவனும் வாங்குகிறவனும் நேராகக் கை கோர்க்க மாட்டார்கள், நடுவில் தரகர். விற்கிறவன் விரலில் 40 பிடித்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து வாங்குகிறவன் விரலில் 45 பிடிப்பார். இரண்டு பக்கமும் துண்டு மூடித்தான் இருக்கிறது, இரண்டு பேருக்கும் நேராகப் பேசிய திருப்தி. அதுபோல உங்கள் 17-ஐ நடுவில் ஒருத்தன் வாங்கிக்கொண்டு, துபாய்க்குத் தன்னுடைய எண்ணை அனுப்பலாம். உங்களோடு ஒரு சாவி, அவரோடு ஒரு சாவி, இரண்டும் அவன் கையில்.

இதற்குத்தான் வாட்ஸ்அப்பில் ஒருவர் பெயரைத் தொட்டு ‘என்கிரிப்ஷன்’ என்பதைத் திறந்தால் 60 இலக்க எண் வரும். இருவர் போனிலும் ஒன்றாக இருந்தால் நடுவில் தரகர் இல்லை. பிரவுசரில் இந்த வேலையைச் சான்றிதழ்கள் செய்கின்றன, ஆனால் அவை சொல்வது ‘இந்த முகவரியோடுதான் பேசுகிறாய்’ என்பதை மட்டும். முகவரிக்காரன் யோக்கியனா என்று சொல்லாது. மோசடித் தளத்துக்கும் சான்றிதழ் கிடைக்கும். முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தைப் பார்த்து ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்றுதான் குரோம் 2023-இல் அதையே எடுத்துவிட்டது.

அண்ணே, கடைக்கு இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வாடிக்கையாளர் கணினியில் பிரவுசரை கெஸ்ட் விண்டோவில் மட்டும் திறக்க வையுங்கள். மூடினால் உள்ளே நுழைந்த சுவடு அழிந்துவிடும். டவுன்லோட் ஆன ஃபைல் மட்டும் போகாது, அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

ஜெராக்ஸ்கடை_மணப்பாறை

மூன்று கணினியிலும் மாற்றிவிட்டேன். டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் 2,300 சொச்சம் ஃபைல். பாதி ஆதார், மீதி ஜாதகம். அழிக்கவே ஒரு மத்தியானம் போனது.

அந்தப் பத்திரக்காரருக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று காட்டும் லிங்க்டு டிவைசஸ் பார்க்கச் சொன்னேன். வேறு ஏதோ ஒரு கணினியும் அதில் இருந்ததாம். இரண்டு வரி படித்ததையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் “சரி விடுங்க” என்றார்.

சந்தை அன்று கடைக்கு வந்த ஒரு தரகரிடம் 17, 10, 14 கணக்கைத் துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினேன். நடுவில் ஆளே இல்லாமல் இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்துவிடும் என்றேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப தரகு யாரு குடுப்பா?” என்று கேட்டார்.