"தூக்கிவிடுகிறோம் அண்ணாச்சி": நெல்லைப் பக்கத்து மாற்றுத்திறனாளிகளின் அனுபவங்கள்

பேட்டை ஸ்கூட்டர்காரன்:

எங்கள் ஊரில் உதவிக்கு ஆள் பஞ்சம் கிடையாது. சக்கர நாற்காலியோடு ஒரு படிக்கட்டின் கீழே நின்றால் போதும், டீக்கடையிலிருந்தும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் ஆட்கள் ஓடி வருவார்கள். "வாருங்கள் அண்ணாச்சி, மேலே தூக்கிவிடுகிறோம்." இந்த நல்ல மனத்தை நம்பித்தான் பல அலுவலகங்கள் மாடியில் நடக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்பா விட்டுச் சென்ற வீட்டை எனக்கும் தங்கைக்கும் பாகம் பிரிக்கப் பதிவு அலுவலகம் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வாசல்வரை போய்விட்டேன். சாய்தளம் இருந்தது, கைப்பிடிகூட இருந்தது. அதன் மேல் வரிசையாக பைக்குகள். அவற்றை நகர்த்தி உள்ளே போனால், கீழ்த்தளத்தில் பழைய ஆவணங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பதிவு நடப்பது முதல் மாடியில். ஆக, அந்தச் சாய்தளத்தால் பயன் பெறுவது காகிதக் கட்டுகள் மட்டுமே.

பத்திர எழுத்தர் முன்னேற்பாடாக ஆள் சொல்லி வைத்திருந்தார். எனக்குப் போலியோ. நாற்காலியோடு தூக்கும்போது என்ன நடக்கும் என்பது தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. முன்னால் பிடிப்பவர் உயரம், பின்னால் பிடிப்பவர் குட்டை. நாற்காலி சாயும். வேட்டி விலகும். இரண்டு கையும் நாற்காலியை இறுகப் பற்றியிருப்பதால் அதை இழுத்துவிட முடியாது. கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சரியாக அந்த நேரத்தில்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தங்கை சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிப்பதுபோல நிற்பாள்.

இந்த முறை மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் பாருங்கள். உடல் இயலாமையால் ஆபத்தோ பெரும் சிரமமோ இல்லாமல் அலுவலகம் வர முடியாதவரை வரச் சொல்லக் கூடாது. பதிவு அலுவலர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது விசாரிக்க வேறொருவரை நியமித்து அனுப்ப வேண்டும். வீடுவரை வர வேண்டியவரை ஒரு மாடி இறங்கி வரச் சொல்கிறேன், அவ்வளவுதானே என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தரின் முகம் சுருங்கிவிட்டது. கேமராவும் கைரேகைக் கருவியும் மேலே கணினியோடு இணைந்திருக்கின்றன, இறக்க முடியாது, வேண்டுமானால் வீட்டுக்கு வருகிறோம் என்று பதில் வந்தது. மாடியிலிருந்து இறங்காத கருவி பேட்டைவரை எப்படி வரும் என்று கேட்க நாக்கு துடித்தது. வேலை நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வந்தார்கள், மரியாதையாக நடந்துகொண்டார்கள், அம்மா கொடுத்த காபியையும் குடித்தார்கள்.

பாளை ஆசிரியை:

எனக்குப் பார்வை கிடையாது. பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் படித்தேன். 1890இல் தொடங்கிய பள்ளி என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு.

அண்ணாச்சியைத் தூக்குகிறார்கள், எங்களை இழுக்கிறார்கள். வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் ஒன்றும் கேட்காமல் முழங்கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்து, "பார்த்துப் போம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வர வேண்டிய பஸ் நான் முதலில் நின்ற பக்கம். திரும்பக் கூட்டிவர இன்னொரு புண்ணியவானைத் தேட வேண்டியதாயிற்று.

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் எங்களுக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. நல்ல காரியம். ஆனால் வந்து நிற்பது எந்தப் பஸ் என்று தெரிந்தால்தானே ஏற முடியும்? மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசி பஸ் நிறுத்தத்துக்கு எவ்வளவோ பின்னாலேயே நின்றுவிட்டுக் கிளம்பிவிடும். "ஜங்ஷன், டவுன்" என்று வாய்விட்டுக் கூவுகிற கண்டக்டர்களைக் குரலை வைத்தே அடையாளம் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஒலி அறிவிப்பு வரும்வரை அவர்கள்தான் கதி.

செல்போன் யுகத்துக்கு வருவோம். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பில் முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவந்து கண்ணைச் சிமிட்டச் சொன்னது. வட்டம் எங்கே இருக்கிறது என்று நான் எப்படிக் காண்பது? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இந்த முறையைப் பார்வையற்றவர்களுக்கும் ஆசிட் வீச்சில் முகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஏற்றபடி மாற்ற உத்தரவிட்டது. டிஜிட்டல் சேவையை அணுகுவதை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே சொன்னது. அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். மேலாளர் பொறுமையாகப் படித்தார். "எங்களுக்கு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வர வேண்டும் அம்மா" என்றார்.

மேலப்பாளையம்:

என் மதினிக்குக் காது கேட்காது. மருத்துவமனை ஒன்றில் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆள் இல்லை என்று சீட்டைக் கட்டின் அடியில் வைத்துவிட்டார்கள். 1897இலேயே காது கேளாதோருக்குப் பள்ளி வந்த பாளையங்கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு எண் பலகை மாட்டினால் தீர்ந்தது.

ஆலங்குளம் கொத்தனார்:

சாய்தளம் போடுகிறவன் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. இரண்டு அடி உயர வாசல் என்றால் 24 அடி, இடையில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. எங்களுக்கு விடும் இடம் ஆறு அடி. "ஏதாவது ஒன்று போட்டுவிடுங்கள், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்" என்பார் காண்டிராக்டர். நாங்களும் போட்டுத் தருவோம். குழந்தைகள் விளையாடும் சறுக்குமரம் அது, நாற்காலி ஏறாது.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போனால், மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். 1981இல் தொடங்கியவர் ராமகிருஷ்ணன். 1975இல் கடற்படைக்கான தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். நாற்காலியில் இருப்பவரே திட்டம் போட்டால், எங்கே இடறும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேட்டை ஸ்கூட்டர்காரன்:

கொத்தனார் அண்ணாச்சி, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் அறிவித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017இல். கெடு முடிந்து போயிற்று. அந்த விதிகளில் அணுகல் தரம் பற்றிய 15ஆம் விதி வெறும் பரிந்துரைபோல இருக்கிறது, செல்லாது, கட்டாயத் தரத்தை வகுத்துக் கொடுங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறேன். "சாய்தளம் சரியில்லை" என்று எழுதினால் "ஆய்வு செய்யப்படும்" என்று பதில் வரும். உயரம் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று எழுத வேண்டும். நீங்கள் அளந்து தருவீர்களா?

ஆலங்குளம் கொத்தனார்:

ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.