கொல்லிமலை வளைவுகளில் எட்டு பைக்கும் ஒரே வரிசையில்தான் போகணுமா?

மலைக்கோட்டை ரைடர்:
வர்ற சனி, ஞாயிறு கொல்லிமலை போறோம். எட்டு பைக், எல்லாரும் காலேஜ் காலத்து நண்பர்கள். விடியக்காலை திருச்சி நம்பர் 1 டோல்கேட்ல கூடி, குணசீலம், முசிறி, தொட்டியம் வழியா நாமக்கல். இடது பக்கம் காவிரியும் வாழைத்தோப்புமா வர்ற அந்தச் சாலையை இளவெயில்ல ஓட்டணும்னுதான் அந்த நேரம். நாமக்கல்ல டிபன். அப்புறம் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அங்கேருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி செம்மேட்டுல தங்கல்.

நான் ஒரு விதி போட்டிருக்கேன். மலையில எட்டு வண்டியும் ஒரே வரிசை. யாரும் முந்தக் கூடாது, யாரும் பின்தங்கவும் கூடாது. குழுவுலயே ஒருத்தர் இது ஆபத்துங்கறார். மலை ஓட்டிப் பழகினவங்க சொல்லுங்க.

ரெண்டாவது கியர்:
உங்க நண்பர் சொல்றதுதான் சரி. முந்தக் கூடாதுங்கறது நல்ல விதி. பின்தங்கக் கூடாதுங்கறதுதான் ஆளைக் கீழே தள்ளும்.

முதல் வண்டி வளைவைத் தாண்டி வேகமெடுக்கும்போது எட்டாவது வண்டி இன்னும் அந்த வளைவுக்கே வந்திருக்காது. அவர் வளைவுல திரும்பினதும் பார்த்தா முன்னால யாரும் இல்ல. பிடிக்கணுமேன்னு முறுக்குவார். அடுத்த வளைவுக்கு, அவர் வழக்கமா வர்ற வேகத்தைவிடக் கூடுதலா வந்து சேருவார். வரிசை நீளமானா கடைசி ஆள் முதல் ஆளைவிட வேகமா ஓட்டித்தான் ஆகணும். கடைசியில யாரை விடுவோம்? பெரும்பாலும் புதுசா ஓட்டுறவரை, இல்லன்னா சின்ன வண்டிக்காரரை.

உங்க குழுவுல என்னென்ன வண்டி?

மலைக்கோட்டை ரைடர்:
மூணு புல்லட், ரெண்டு பல்சர், ஒரு அப்பாச்சி, ஒரு ஆக்டிவா, ஒரு ஸ்ப்ளெண்டர். ஸ்ப்ளெண்டர்ல நண்பனும் அவன் மனைவியும்.

நான் ஏன் அந்த விதி போட்டேன்னு சொல்லிடுறேன். முன்னாடி வேற ஒரு மலையில எனக்குச் செயின் அறுந்துபோச்சு. போன்ல சிக்னல் இல்ல. கூட வந்தவங்க மேல போய் டீ குடிச்சு, போட்டோ எடுத்து, அதுக்கப்புறம்தான் ஒரு ஆள் குறையுதுன்னு பார்த்திருக்காங்க. இருட்டுற நேரம், சாலையோரத்துல தனியா நின்னேன். அந்த நிலைமை என் நண்பன் யாருக்கும் வரக் கூடாது. தனித்தனியா போறதுன்னா அவனவன் வீட்டிலேருந்தே தனியா போகலாமே?

கோரைப்பாய்:
நான் மலைக்கோட்டை அண்ணன் பக்கம். நானும் ஸ்கூட்டர்தான் ஓட்டுறேன். "நீங்க மெதுவா வாங்க, மேல பார்க்கலாம்"னு சொல்லிட்டுப் போற குழுவோட ஒரு தடவை போனா தெரியும். பெண்கள் ஓட்டும்போது பின்னால ஒரு கார் ஒட்டிக்கிட்டே வந்து ஹாரன் அடிச்சா, கூட நம்ம ஆள் இருக்கறது எவ்வளவு பெரிய தைரியம்! மெதுவா போறவங்களை ரெண்டாவது இடத்துல வைங்க. அவங்க வேகத்துக்கு எல்லாரும் போனா வரிசை அறுந்து போகாது.

ரெண்டாவது கியர்:
கோரைப்பாய், உங்களைத் தனியா விட்டுட்டுப் போகச் சொல்லல. ஆனா மெதுவா போறவரை ரெண்டாவதா வெச்சா, ஆறு பேர் அவர் முதுகுக்குப் பின்னால நெருக்கிக்கிட்டு வருவாங்க. ஏறுறப்ப சமாளிக்கலாம். இறங்குறப்பதான் சிக்கல்.

இறங்கும்போது ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி. புல்லட்டை ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே பிடிச்சு நிறுத்தும். ஆக்டிவால அந்தப் பிடி ரொம்பக் கம்மி, அது பிரேக்கை நம்பித்தான் இறங்கணும். ஸ்ப்ளெண்டர்ல ரெண்டு பேர், டிரம் பிரேக். முன்னால போறவர் வேகத்துக்கு ஒத்துப்போகணும்னு வந்தா பிரேக்கைத் தொட்டுக்கிட்டே இருப்பாங்க. டிரம் சூடேறும், பிடி குறையும். வளைவுக்கு முன்னால அழுத்தி வேகத்தைக் குறைச்சிட்டு, கையை எடுத்து ஆற விடணும்னா வண்டிக்கு முன்னால இடைவெளி வேணும். உங்க வரிசை அந்த இடைவெளியைத்தான் தின்னுடுது.

பல்சர் பாலக்கரை:
இப்ப வர்ற வண்டியில எல்லாம் ஏபிஎஸ் இருக்கே ப்ரோ. 125 சிசிக்கு மேல 2019லேருந்து கட்டாயம். இவ்வளவு பயப்படணுமா?

ரெண்டாவது கியர்:
ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும். சூடான பிரேக்கை அது ஆற வைக்காது. அதோட நாம பேசுற ஆக்டிவாவும் ஸ்ப்ளெண்டரும் 125க்கு உள்ளதான், ப்ரோ.

செம்மேடு சொந்த ஊர்:
நான் மேல இருக்கறவன். நீங்க எல்லாரும் உங்க எட்டு வண்டியைப் பத்தியே பேசுறீங்க. அந்தச் சாலை எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போற வழி.

வளைவுல பஸ் திரும்பினா சாலை முழுக்க அதுக்கே சரியா இருக்கும். ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும், சட்டமும் அதுதான். ஞாயித்துக்கிழமை எட்டு பைக் கோர்த்தாப்ல இறங்கி வந்தா, டிரைவர் எந்த இடைவெளியில பஸ்ஸை நுழைப்பார்? ஏத்தத்துல நிறுத்தி மறுபடி கிளப்புறது அவருக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பின்னாலயே டிவிஎஸ் எக்ஸ்எல்ல பலாப்பழமோ வாழைத்தாரோ கட்டிக்கிட்டு எங்க ஆள் வருவார். சுமையோட எட்டு வண்டியை அவரால தாண்ட முடியாது. ரெண்டு மூணா பிரிஞ்சு வாங்க, எல்லாருக்கும் நல்லது.

இன்னொண்ணு. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி. இறங்கி, குளிச்சு, ஏறி வந்ததும் தொடை நடுங்கும். கியர் போடுற காலும் பிரேக் மிதிக்கிற காலும் அதேதான். அருவியை சனிக்கிழமையே முடிச்சிடுங்க. ஞாயிறு காலை அறப்பளீஸ்வரர் கோவில், சோளக்காட்டுல மிளகும் பழமும் வாங்கிக்கிட்டு நிதானமா இறங்குங்க. வளைவுல வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்காதீங்க, குரங்குக்குத் தீனி போடாதீங்க.

மலைக்கோட்டை ரைடர்:
அண்ணே, பஸ் விஷயம் சரி. அருவியைச் சனிக்கிழமைக்கே மாத்திட்டேன். வரிசையும் மூணு, மூணு, ரெண்டுன்னு பிரிச்சுக்கலாம். ஆனா ஆளைத் தவற விடக் கூடாதுங்கறதுல நான் இறங்கி வர மாட்டேன். காரவள்ளியிலயே எங்கெங்க நிக்கணும்னு பேசிக்குவோம். நிக்கிற இடத்துல எட்டுப் பேரும் வந்து தலையை எண்ணினப்புறம்தான் அடுத்த கிளம்பல். ஸ்ப்ளெண்டரும் ஆக்டிவாவும் தனித்தனிக் குழுவுல, ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு புல்லட். டூல் கிட்டும் செயின் லிங்க்கும் கடைசி வண்டியில என்கிட்ட.

ரெண்டாவது கியர்:
எண்ணிட்டுக் கிளம்புறது அருமை. பின்னால வர்ற புல்லட் மட்டும் ஒட்டிக்கிட்டு வராம, ஒரு வளைவு தள்ளி வரட்டும். கண்ணாடியில ஹெட்லைட் தெரிஞ்சுக்கிட்டே இருந்தா, மெதுவா போறவர் நம்மால தாமதம்னு நினைச்சு வேகத்தைக் கூட்டுவார்.

கோரைப்பாய்:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். எனக்குக் கண்ணாடியில அந்த வெளிச்சம் தெரியணும். ஒரு வளைவு தள்ளி இருந்தா அங்க ஆள் இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதான்.

செம்மேடு சொந்த ஊர்:
ஸ்ப்ளெண்டர் தம்பியும் அந்த அம்மாவும் இறங்குறப்ப முள்ளுக்குறிச்சி பக்கமா வரட்டும். அங்க வளைவு குறைவு.

மலைக்கோட்டை ரைடர்:
கேட்டுப் பார்த்தேன் அண்ணே. 70ஐயும் இறங்கித்தான் வருவோம்னு அவன் மனைவிதான் பிடிவாதமா நிக்கிறாங்க. பின்னால வர்ற வண்டி எவ்வளவு தள்ளி வரணும்னு அவங்களையும் ஆக்டிவாக்காரனையும் கேட்டே முடிவு பண்றேன். ஓட்டப்போறது அவங்கதானே. பின் பிரேக் ஷூவை வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தச் சொல்லிட்டேன்.