ஐயர் கையில் எடுத்தது ஞானோபதேசத்தைத்தான்

லுத்தரன்களுக்கு (மார்ட்டின் லுத்தர் வழிவந்த சீர்திருத்தச் சபையாருக்கு) ஆத்தும வழிநடத்துதல், அதாவது ஒரு குருவானவரிடம் மனம் திறந்து ஆலோசனை பெறுவது, என்று ஏதாவது உண்டா, அதெல்லாம் கத்தோலிக்கர் பழக்கம் இல்லையா என்று நானும் நினைத்தவன்தான். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா இறந்த பிறகு வீட்டைப் பாகம் பிரித்ததில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நாளில் ஜெபமும் நின்றது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை, ஜெபிக்கும் முறை தெரியாததுதான் கோளாறு என்று உபவாசக் கூட்டம், தியான முகாம் என இரண்டு வருடம் அலைந்தேன். கடைசியில், எனக்குத் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சபைச் சடங்கு) கொடுத்து இப்போது ஓய்வில் இருக்கும் ஐயரை, அதாவது எங்கள் சபைக் குருவானவராக இருந்தவரை, பார்க்கப் போனேன்.

ஐயரம்மா காபி கொடுத்தார்கள். என் வறட்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை, விசுவாசத்தின் அடிப்படைகளைச் சொல்லும் பாடநூலை, எடுத்தார். (வகுப்பில் மனப்பாடம் செய்து மறுவாரமே மறந்தோமே, அதேதான்.) பாவ அறிக்கைப் பகுதியை விரித்து, "பத்துக் கட்டளைய வச்சு உன் நிலையப் பாருன்னு சொல்றார். நீ யாரு தம்பி? தகப்பனா, மகனா, எஜமானா, வேலைக்காரனா?" என்றார். எல்லாம்தான் ஐயா என்றேன். "அண்ணன்?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். புத்தகத்தில் அண்ணன் கிடையாது, அது அவராகச் சேர்த்தது.

தம்பி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பிறகு வேகத்தில் கல்லூரிக் காலத்துப் பாவத்தையெல்லாம் தோண்ட ஆரம்பித்தபோது, "தேடி எடுக்காதே, உறுத்துறதை மட்டும் சொல்லு" என்று தடுத்தார். 1529-இல் வந்த அந்தப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. மடத்தில் இருந்தபோது தன் மேலதிகாரியான ஸ்டாபிட்ஸிடம் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து அவரை அலுக்க வைத்த மனுஷன் அல்லவா லுத்தர், அந்த வேதனை அவருக்குத் தெரியும்.

அப்புறம், "என் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்புன்னு விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டு, தலையில் கைவைத்து, என் பெயர் சொல்லி மன்னிப்பைக் கூறினார். ஞாயிறு ஆராதனையில் சபையோடு சேர்ந்து எத்தனையோ முறை கேட்ட வார்த்தைதான், ஆனால் அன்று என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. தனி மன்னிப்பைச் சபைகளில் விட்டுவிடக் கூடாது என்று லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையே சொல்கிறது, 11ஆம் பிரிவு. நாம்தான் விட்டுவிட்டோம்.

தம்பிக்குப் போன் செய்ய இன்னும் மூன்று மாதம் ஆனது. அவன் எடுக்கவில்லை. திரும்பவும் அடிப்பேன்.

பதில்:
அண்ணா, நான் நர்ஸ். எனக்கு எங்கள் ஐயர் காட்டியது, லுத்தர் 1535-இல் தன் நாவிதர் பேத்தருக்கு எழுதிய ஜெபக் கடிதம். ஒரு கட்டளையை எடுத்து நாலு இழையாகப் பின்னச் சொல்கிறார்: இதில் கற்பது என்ன, நன்றி சொல்ல என்ன, அறிக்கையிட என்ன, கேட்க என்ன. நைட் டியூட்டியில் ஒரு கட்டளையைத் தாண்டியதில்லை. சவரம் செய்கிறவன் கத்தியிலும் மயிரிலும் கண் வைக்காமல் வாயடித்தால் மூக்கை அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்கிறார் பாருங்கள், ஊசி போடுகிற எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அதே பேத்தர் அதே வருடம் விருந்தில் தன் மகளின் கணவரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லுத்தர் அவருக்காகப் பரிந்து பேசினார், உயிர் தப்பி நாடு கடத்தலோடு போனது. உங்கள் வீட்டுக் கதையைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது, தப்பாக நினைக்காதீர்கள்.

பதில்:
கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒருவரிடம் மனம் திறந்து சொன்னது அடுத்த மாதமே பிரசங்கத்தில் உதாரணமாக வந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் சபையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதன்பின் யாரிடமும் போகவில்லை.

பதில்:
அது பெரிய துரோகம் சகோதரி. பாவ அறிக்கையில் கேட்டதை வெளியே விடாமல் இருப்பது குருவானவரின் கடமை, அதில் சலுகையே கிடையாது. மறுபடி போகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. போவதாக இருந்தால் வேறு ஊர் ஐயராகப் பாருங்கள், ஓய்வுபெற்றவர் என்றால் இன்னும் நல்லது, அவருக்கு அடுத்த ஞாயிறு பிரசங்கம் இருக்காது.