எலக்ட்ரானிக் சோக் மாற்றியபின் டியூப் லைட் மங்கலாக எரிகிறது, உதவி தேவை

தையற்கடை: எங்கள் கடையில் நான்கடி டியூப் லைட்டின் பழைய செம்புச் சோக் எரிந்துவிட்டதால், எலக்ட்ரானிக் சோக் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். விளக்கு எரிகிறது, ஆனால் பாதி வெளிச்சம்கூட இல்லை, குழாய்க்குள் பாம்பு நெளிவதுபோல் ஏதோ சுழல்கிறது. டியூப் புதியது. கறுப்புத் துணியில் ஊசி இறங்கும் இடமே தெரியவில்லை. நாளை மறுநாள் கல்யாண உருப்படிகளைக் கொடுத்தாக வேண்டும், அவசரம்.

மெல்லிழை: டியூப் எத்தனை வாட், பருமனா ஒல்லியா, சோக்கின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும், அண்ணா.

மாடிவீடு: வோல்டேஜ் குறைவாகத்தான் இருக்கும். எங்கள் தெருவில் மாலையானால் எல்லா விளக்கும் இப்படித்தான் அழும். முதலில் அதை அளந்து பாருங்கள்.

தையற்கடை: மின்விசிறி நன்றாகவே சுற்றுகிறது. சோக்கில் 28 என்றும் டியூபில் 36 என்றும் இருக்கிறது. பழைய சோக்கில் 36, 40 இரண்டும் எரிந்தனவே? அதனால் இதையும் அப்படியே வாங்கிவிட்டேன்.

பழைய வயர்மேன்: இந்த இரண்டு எண்களையும் முதல் வரியிலேயே எழுதியிருந்தால் மூன்று பேரின் நேரம் மிச்சமாகியிருக்கும். கடைக்குப் போகுமுன் எண்ணைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 38 மில்லிமீட்டர் பருமனுள்ள 40 வாட் குழாயும், 26 மில்லிமீட்டர் பருமனுள்ள 36 வாட் குழாயும் செம்புச் சோக்கில் ஏறத்தாழ ஒரே மின்னோட்டத்தையே, அதாவது 0.43 ஆம்பியரையே, வாங்குமாறு செய்யப்பட்டவை. அதனால்தான் அங்கே மாற்றி மாட்டினாலும் எரிந்தன. 28 வாட் என்பது 16 மில்லிமீட்டர் ஒல்லிக் குழாய்க்கானது. அதன் சோக் தருவது சுமார் 0.17 ஆம்பியர்தான். உங்கள் குழாய் பட்டினி கிடக்கிறது, நெளிவதும் அதனாலேயே. இப்படியே எரியவிட்டால் முனைகள் சீக்கிரம் கறுக்கும்.

மாடிவீடு: இவ்வளவு தொல்லை எதற்கு? செம்புச் சோக்கே போட்டுவிடலாம், இருபது வருடம் உழைக்கும்.

மெல்லிழை: அது தானே பத்து வாட் அளவுக்குச் சூடாகவே வீணாக்கும், மேலும் விளக்கு வினாடிக்கு நூறு முறை துடிப்பதால், ஓடும் தையல் இயந்திரத்தின் சக்கரம் நின்றதுபோல் தோன்றக்கூடும். எலக்ட்ரானிக் சோக் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குவதால் அந்தத் துடிப்பு கண்ணுக்குப் புலப்படாது.

மாடிவீடு: இடி இடித்தால் முதலில் போவது எலக்ட்ரானிக் சோக்தான். சக்கரம் நின்றதாக நான் ஒருநாளும் கண்டதில்லை.

பழைய வயர்மேன்: இருவரும் கேட்டவரை மறந்துவிட்டீர்கள். தம்பி, 36 வாட் என்று அச்சிட்ட எலக்ட்ரானிக் சோக்கை வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டு, சோக்கின் உறைமேல் உள்ள படத்தில் காட்டியபடி, ஒரு முனைக்கு இரண்டு வீதம் நான்கு வயர்களையும் இணையுங்கள். பழைய ஸ்டார்ட்டரையும் அதற்குப் போகும் வயர்களையும் கழற்றிவிட வேண்டும். ஃபிட்டிங்கில் பழைய கண்டென்சர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

தையற்கடை: 36 சோக் மாட்டிவிட்டேன், பகல்போல் இருக்கிறது. நன்றி ஐயா.

மெல்லிழை: ஸ்டார்ட்டரைக் கழற்றினீர்களா, அண்ணா?

மெல்லிழை: அண்ணா?