புது ஆய்வு உங்கள் டியூட்டி அறைக்குள் எப்படி வந்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

இரவுப்பணி:

வாக்-இன் கிளினிக்கிலும் (முன்பதிவு இல்லாமல் வரலாம்) அவசரப் பிரிவிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. சமீபத்தில் நீங்கள் மாற்றிக்கொண்ட ஒரு சிகிச்சை முறையைச் சொல்லுங்கள். அது எந்த வழியாக உங்களிடம் வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

நம் பாடு தனி. இதய நிபுணர் இதயத்துக்கான கைடுலைனைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். நமக்கு ஒரே ஷிஃப்ட்டில் காதுவலிக் குழந்தை, பிசகிய கணுக்கால், நாய்க்கடி, படபடப்பு என்று எல்லாம் வரும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் சேருகின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் வாராவாரம் எல்லாரும் ஓர் அறையில் கூடிப் பேசுவார்கள். இங்கே நான் உள்ளே நுழையும்போது முந்தைய ஷிஃப்ட் டாக்டர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

என் அனுபவம்: இளம்பெண் ஒருவர், நெஞ்சு படபடப்பு, நாடி 180க்கு மேல். ஈ.சி.ஜி.யில் தெளிவான எஸ்.வி.டி., அதாவது இதயத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு. ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. துடிப்பைச் சீராக்கும் அடினோசின் ஊசியை எடுத்து வைக்கச் சொன்னேன். கூட இருந்த ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) மெதுவாக, "சார், அதுக்கு முன்னாடி ரிவர்ட் முறையில ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார். பாதி சாய்ந்து உட்கார வைத்து, 10 மி.லி. சிரிஞ்சுக்குள் பிஸ்டன் அசையும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொன்னோம். ஊதி முடித்ததும் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை 45 டிகிரிக்குத் தூக்கி இன்னொரு 15 விநாடி. மானிட்டரில் ரிதம் சீரானது. அடினோசின் ஏறும்போது உயிரே போவது மாதிரி இருக்கும் என்று நோயாளிகள் சொல்வார்களே, அந்த அவஸ்தை இல்லாமல் வீட்டுக்குப் போனார்.

2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுதான் ரிவர்ட். கால் தூக்காமல் ஊத மட்டும் சொல்லும் பழைய வால்சால்வா முறையில் 17 சதவீதம் பேருக்குச் சரியானது, இந்த முறையில் 43 சதவீதம். அந்த எண்கள் எனக்கும் தெரிந்தவைதான். ஆனால் தலைமாட்டை யார் இறக்குவது, காலை யார் பிடிப்பது, எந்த நொடியில் என்பதெல்லாம் அந்த ஹவுஸ் சர்ஜன் பெண்ணின் கையில் இருந்தது. வீடியோவைப் பார்த்துத் தோழியை வைத்துப் பழகினாராம். கட்டுரை படித்தவருக்கும் கை பழகியவருக்கும் நடுவில் இத்தனை தூரம்.

ட்ரையாஜ் சிஸ்டர்:

டாக்டர், புதுசைக் கத்துக்கிறது கூடப் பரவாயில்லை. பழசை விட வைக்கிறதுதான் பெரும்பாடு.

பிராங்கியோலைட்டிஸ் (வைரஸால நுரையீரல் சிறுகுழாய் வீங்கிச் சளி அடைக்கிறது) குழந்தைகளை எடுத்துக்கோங்க. அமெரிக்கக் குழந்தைகள் நல அகாடமி 2006இல் மூச்சுக்குழாயைத் தளர்த்துற சால்புடமாலை ஒரு முறை கொடுத்துப் பார்க்கலாம்னு இடம் வச்சிருந்தாங்க. 2014இல் அதையும் எடுத்துட்டாங்க, கொடுக்க வேண்டாம்னே எழுதிட்டாங்க. இதை எங்க டாக்டர்கள் எல்லாருக்குமே தெரியும், கேட்டா வரி மாறாம சொல்வாங்க. ஆனா இருமி இழுத்துக்கிட்டு ஆறு மாசக் குழந்தை வந்ததும் நெபுலைசர் ஓடும். ஏன்? வர்றவங்களை முதல்ல பார்த்துப் பிரிக்கிற ட்ரையாஜ் மேஜைக்கு மேல லேமினேட் பண்ணின தாள்ல "இழுப்பு – நெபுலைசர்"னு இருந்தது. வயசும் கிடையாது, தேதியும் கிடையாது. டாக்டர் வர்றதுக்குள்ள சிஸ்டருங்க மாஸ்க்கை மாட்டிடுவாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, தாள் சொன்னதைத்தான் செஞ்சாங்க.

இன்சார்ஜ் டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி அந்தத் தாளைக் கழட்டினேன். புதுத் தாள்ல வயசு வாரியா பிரிச்சு, கீழ் மூலையில யார் எழுதினது, அடுத்து எப்போ திருத்தணும்னு போட்டோம். அதுக்கப்புறம்தான் நிஜமா மாறுச்சு.

அம்மாக்கள் கேட்பாங்க: "சிஸ்டர், மெஷின் வைக்கலையா? போன தடவை வச்சாங்களே." நான் சொல்றது இதுதான்: "இது ஆஸ்துமா இல்லம்மா. ஆஸ்துமாவுல குழாய் இறுகிக்கும், அந்த மருந்து அதைத் தளர்த்தும். உங்க பிள்ளைக்குச் சளியும் வீக்கமும்தான் அடைச்சிருக்கு. மூக்கைச் சுத்தம் பண்ணிட்டு பால் குடிக்கிறானான்னு பார்ப்போம்." பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க. உள்ளே இருக்கிறவங்களைச் சம்மதிக்க வைக்கத்தான் மாசக்கணக்குல ஆச்சு!

மாவுக்கட்டு:

சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் மணிக்கட்டில் எலும்பு முழுதாக உடையாமல் லேசாக நசுங்கிப் புடைத்திருக்கும் பக்கிள் முறிவு. ஃபோர்ஸ் ஆய்வு 2022இல் வந்தது, பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரை 965 குழந்தைகள். மென்மையான பேண்டேஜ் கொடுத்து அன்றே அனுப்பிய குழந்தைகளுக்கும் விறைப்பான ஸ்ப்ளின்ட் போட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வித்தியாசம் இல்லை.

படித்ததும் எனக்குச் சந்தோஷம். அடுத்த வாரமே ஓர் அப்பா: "எலும்பு நசுங்கியிருக்குன்னு நீங்களே சொல்றீங்க, துணியைச் சுத்தி அனுப்புறீங்க. இதென்ன டாக்டர்?" அவர் நேராக எலும்பு நிபுணரிடம் போக, அங்கே கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அந்த அப்பா நம்மை நம்புவாரா?

எலும்புப் பிரிவோடு உட்கார்ந்து, எக்ஸ்ரேயில் என்ன இருந்தால் பேண்டேஜ், எலும்பின் விளிம்பு உடைந்திருந்தால் யாருக்கு அனுப்புவது என்று ஒரு பக்கம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். நோயாளி அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கும் விஷயம் போய்ச் சேராவிட்டால் நாம் மாறிப் பிரயோஜனமில்லை.

சந்தேகப்பிராணி:

எல்லாரும் புதுசு புதுசு என்கிறீர்கள். கொஞ்சம் பிரேக் போடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

2020 மே 22இல் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுப்பது பற்றி லான்செட்டில் ஒரு பெரிய கட்டுரை வந்தது. ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது, அடிப்படைத் தரவையே சரிபார்க்க முடியவில்லை. அதே மாதம் ரிகவரி என்ற ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனாவில் உயிர் காக்கிறது என்றது, அந்த முடிவு நிலைத்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். வாட்ஸ்அப்பில் வந்தது முதல் பாதி மட்டும். லேசான காய்ச்சலோடு, ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருந்தும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று அப்போது டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். மருந்துப் பெயர் ஊரெல்லாம் போயிற்று, யாருக்கு என்ற நிபந்தனை பின்தங்கிவிட்டது.

இன்னொன்று, சிறுநீரகக் கல் தானாக வெளியேற உதவும் என்று கொடுக்கும் டாம்சுலோசின். சின்னச் சின்ன ஆய்வுகளை நம்பி எல்லாரும் எழுதினோம். 2015இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சஸ்பெண்ட் ஆய்வு பலனில்லை என்றது. 2018இல் அவசரப் பிரிவு நோயாளிகளில் செய்ததும் அப்படியே. இதற்கு நடுவே சீனாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் நடந்த ஆய்வில், சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மி.மீ.க்கு மேலான கல்லுக்கு உதவுகிறது என்று வந்தது. இப்போது கல்லின் அளவையும் இடத்தையும் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு தலைப்பை மட்டும் பார்த்து மாறியிருந்தால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருந்திருப்பேன்.

இரவுப்பணி:

நியாயம். ஆனால் சந்தேகம் என்ற பெயரில் ஒன்றுமே மாறாமல் இருப்பவர்களும் உண்டு, சார். உங்களைச் சொல்லவில்லை :)

கிளினிக் பொறுப்பாளர்:

எனக்கு வலித்த இடம் ஆன்டிபயாடிக். அமெரிக்காவில் 2014 காப்பீட்டுத் தரவை வைத்து 2018இல் வந்த ஆய்வு: ஆன்டிபயாடிக் தேவையே இல்லாத சளி, இருமல் மாதிரியான சுவாச நோய்களுக்கு நம்மைப் போன்ற வாக்-இன் அவசர சிகிச்சை கிளினிக்குகளில் 45.7 சதவீத வருகைகளில் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் 24.6. சாதாரண டாக்டர் அறையில் 17. எங்கள் கூட்டத்தில் இதைப் போட்டுக் காட்டினேன். "எங்க நோயாளிங்க வேற மாதிரி" என்றார் ஒருவர், வழக்கம்போல.

வகுப்பெடுத்துப் பார்த்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள், எழுதுவது குறையவில்லை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று தெரியாத டாக்டர் யார்? தகவல் போதாமல் நடக்கிற விஷயமே இல்லை இது. வெளியே கூட்டம் நிற்கிறது, விளக்கம் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும், மருந்துச்சீட்டு எழுத அரை நிமிடம்.

உதவிய இரண்டு யோசனைகளும் ஆய்விலிருந்தே எடுத்தவை. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுத மாட்டோம் என்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அவர்கள் படத்தோடு பரிசோதனை அறையில் ஒட்டுவது ஒன்று. 2014இல் ஒரு சிறிய ஆய்வில் இதற்கே நல்ல பலன் இருந்தது. நோயாளி காத்திருக்கும்போதே படித்துவிடுவதால் பேச்சை ஆரம்பிப்பது சுலபமாகிறது. இன்னொன்று, ஒவ்வொருவரும் எழுதிய விகிதத்தை, குறைவாக எழுதுபவர்களோடு ஒப்பிட்டு அவரவருக்கு மட்டும் அனுப்புவது. 2016இல் இதையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எங்களில் அதிகம் முணுமுணுத்தவர்தான் அதிகம் குறைத்தார்.

மருந்தாளுநர்:

யாரும் பேசாத ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்: பகுதிநேர டாக்டர்கள். வார இறுதிக்கு மட்டும் வருவார்கள், மூன்று இடத்தில் வேலை, மூன்று இடத்திலும் மூன்று வழக்கம். கூட்டத்துக்கும் வர முடியாது, குழுமத்திலும் இருக்க மாட்டார்கள்.

2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் கோடீன் 12 வயதுக்குக் கீழ் கூடாது என்றது. சிலரின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சு அடங்கும் ஆபத்து. அதற்கு ரொம்ப நாளுக்கப்புறமும் ஒரு சனிக்கிழமை குழந்தைக்குக் கோடீன் இருமல் மருந்துச் சீட்டு வந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். "எங்க இன்னொரு கிளினிக்ல எழுதுறோமே" என்றார். கோபப்படவில்லை, உடனே மாற்றினார். நல்ல மனிதர், அவருக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது மாதத்துக்கு ஒரு பக்கம்தான். "இனிமேல் செய்யாதவை" மேலே, "புதிதாகச் செய்பவை" கீழே. கம்ப்யூட்டரில் லாகின் செய்ததும் முதலில் அதுதான் திறக்கும். கணினிப் பிரிவிடம் அதைக் கேட்டு வாங்கத்தான் நாளானது. சிஸ்டர், உங்கள் புதுத் தாளின் நகல் கிடைத்தால் அடுத்த மாதப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். வயதுவாரியாகப் பிரித்தது எங்களிடம் இல்லை.