மறு: 'டைப்போ' – எழுத்துப்பிழையா, தட்டுப்பிழையா, எழுத்துவழுவா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் மென்பொருள் தமிழாக்கக் குழுவின் பங்களிப்போர் கையேட்டின் மூன்றாம் பிரிவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். 'டைப்போ ஃபிக்ஸ்' (எழுத்தில் நேர்ந்த சிறு பிழையைத் திருத்துதல்) என்று திருத்தங்களுக்கு இடும் லேபிளுக்கு ஒரு சொல் கேட்டுத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். வந்த மடல்களுக்கு ஒன்றாகவே பதில் எழுதிவிடுகிறேன்.

> திணைவழு, பால்வழு என்று நன்னூல் வகுத்துத் தந்திருக்கிறது. எழுத்துவழு என்று ஏன் வைக்கக்கூடாது?

ஐயா, அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் நம் மொழிபெயர்ப்புகளில், நிரலில் உள்ள கோளாறைக் குறிக்கும் 'பக்' என்பதற்கு வழுவைக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வழுப்பட்டியலில் 'எழுத்துவழு' என்று பார்க்கிற நிரலர், எழுத்துரு சரியாகத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஆனால் கூடவே நீங்கள் வழுவமைதியைச் சொன்னீர்களே, அதை விடமாட்டேன். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணைவழுதான், ஆனாலும் காரணம் கருதி ஏற்கிறோம். நம் துறையிலும் அப்படி உண்டு. உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி நெறிமுறையில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் 'ரெஃபரர்' தலைப்பில் நடுவே இரண்டு ஆர் வர வேண்டும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற நெறிமுறை ஆவணத்திலேயே ஒரே ஆருடன் பதிந்துவிட்டது. உலகத்து உலாவிகளும் வழங்கிகளும் அப்படியே பழகிவிட்டதால் இன்றுவரை மாற்றவில்லை. பிறகு வந்த 'ரெஃபரர் பாலிசி' தலைப்பில் மட்டும் இரண்டு ஆரும் இருக்கின்றன. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பில் கடைசி ஈ கிடையாது. புதிதாக வருகிற ஒருவர் ஆவணத்தில் இவற்றைப் பார்த்து நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டால், அதை நகலெடுத்து ஓட்டுபவருக்கு நிரல் வேலை செய்யாது. ஆகவே கையேட்டில் 'வழுவமைதிகளைத் திருத்த வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

> தட்டச்சுப்பிழை நீளமாக இருக்கிறது அண்ணா. தட்டுப்பிழை என்றால் புரியாதா?

புரியும் தங்கை. ஆனால் விரல் தவறியதா, எழுதியவருக்கே தெரியாதா என்பதை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலிப்புமுறை விசைப்பலகையில் சிறிய என் அடித்தால் ன், ஷிஃப்டுடன் அடித்தால் ண். 'மணம்' என்று வர வேண்டிய இடத்தில் 'மனம்' என்று இருந்தால் அது ஷிஃப்ட் அழுந்தாததாலும் இருக்கலாம், ண-ன குழப்பமாகவும் இருக்கலாம். படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது எழுத்து ஒன்றுதான். பெயரும் அதன்மேலேயே நிற்கட்டும்.

> எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். ஏட்டுப்பிழை?

இதை மட்டும் ஒதுக்கிவிடுகிறேன். ஆனால் ஓலைச்சுவடி பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டதால் எகரமும் ஏகாரமும் ஒன்றாகிவிடும், காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் பதிப்பாசிரியர்கள் மற்ற பாடங்களை அழித்துவிடாமல் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் பழைய வரியும் புதிய வரியும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடிக்குறிப்புகள்தான் நினைவுக்கு வரும்.

> எங்கட பக்கம் பிழை அன்றாடச் சொல். சந்தையிலும் 'அது பிழை' எண்டுதான் சொல்லுவம். அதை ஏன் கடினம் எண்டு சொல்லுறியள்?

நீங்கள் சொல்வது சரி அண்ணா. தமிழ்நாட்டில் பேச்சில் 'தப்பு' வந்து உட்கார்ந்துவிட்டது. பிழைத்தல் என்றால் உயிர் தப்புவதும் வயிற்றைக் கழுவுவதும்தான் இங்கே முதலில் தோன்றும். ஆனாலும் எழுத்துப்பிழை என்ற கூட்டுச்சொல் பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோருக்கும் பழக்கம். இரு கரைக்கும் பொது.

சொல்லைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. போன மாதம் நாம் முழுதாகத் தமிழாக்கிய ஒரு திரையில் நடுவே ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில் நின்றது. தேடிப் பார்த்தால், மூலத்தில் 'ரிசீவ்' என்ற சொல்லில் இடம் மாறிக் கிடந்த ஈயையும் ஐயையும் யாரோ சரி செய்திருக்கிறார். மூலவரி மாறிவிட்டதால் மொழிபெயர்ப்பு வரிகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் கருவி நம் வரிக்கு 'ஃபஸ்ஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறி போட்டுவிட்டது. அந்தக் குறி இருக்கும் வரியைத் தொகுப்பில் சேர்க்காது. நம் தமிழில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை, குறியை எடுத்தால் போதும். ஆனால் அது தெரியாமல் ஒருவர் அந்த வரியை முதலிலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

இதனால்தான் 'பொருள் மாறாத் திருத்தம்' என்று இரண்டாவது லேபிள் கேட்கிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் புதியவர்களை மிரட்டும் என்று ஒரு மடல் வந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'அழியாப் புகழ்' என்றால் யாருக்குப் புரியாது? வேண்டுமானால் 'மாறாத' என்றே எழுதிவிடுவோம். 'வாழ்த்துக்கள்' என்பதை 'வாழ்த்துகள்' ஆக்குவது போன்றவையும் இதற்குள் வரட்டும். அதில் எது சரி என்ற வழக்கைத் தயவுசெய்து இங்கே திறக்க வேண்டாம்.

இதுவரை எழுத்துப்பிழைக்கு ஏழு பேர், தட்டுப்பிழைக்கு இரண்டு பேர். ஐயா எழுத்துவழுவை விட்டுக்கொடுக்கவில்லை. சொற்பட்டியலில் அவருடைய மறுப்பையும் சேர்த்தே பதிகிறேன்.

மிச்சம் ஒன்றுதான். எழுத்துப்பிழைதிருத்தமா, எழுத்துப்பிழைத்திருத்தமா? பிழையைத் திருத்துதல் என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமைத்தொகை, மிகாது. பிழையை நீக்கும் திருத்தம் என்று விரித்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை, மிகும். வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் ஒற்றில்லாமல், நடுவே இடைவெளி விட்டு அனுப்பிவிடுகிறேன்.